முறையிடாத நாய்: லாப்ரடாரின் குணமும் தேவைகளும்

வீட்டில் ஒரு நாய் வளர்க்கலாம் என்று முடிவாகிவிட்டால், பெரும்பாலான குடும்பங்களில் பேச்சு லாப்ரடாரில் வந்து நிற்கும். பிள்ளைகளோடு ஒட்டிக்கொள்ளும், வந்தவர் போனவரை விரட்டாது, சொன்னால் கேட்கும் என்பார்கள். பெருமளவு உண்மைதான். உலகின் பல நாடுகளிலும் இதே எண்ணம் நிலவுகிறது. அமெரிக்கன் கென்னல் கிளப்பின் பதிவுகளில் 1991 முதல் 2021 வரை முப்பத்தோர் ஆண்டுகள் இடைவிடாமல் முதலிடத்தில் இருந்தது லாப்ரடார். 2022-இல்தான் பிரெஞ்சு புல்டாக் அதை முந்தியது. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களில் பெரும்பங்கு இந்த இனமும் இதன் கலப்புகளுமே. 1993 குண்டுவெடிப்புகளையொட்டி மும்பைக் காவல்துறையில் பணியாற்றி, மூவாயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட ஆர்.டி.எக்ஸ். சிக்கக் காரணமான ஜஞ்சீர் ஒரு லாப்ரடார்.

இவ்வளவு நற்பெயர் உள்ள நாய்க்குக் கிடைக்கும் கவனிப்பு அந்தப் பெயருக்கு ஏற்றதாக இல்லை. அது எதற்கும் முறையிடுவதில்லை என்பதே இதற்கு முக்கியக் காரணம். மூட்டு வலித்தாலும் வாலை ஆட்டும். உச்சி வெயிலில் பந்தை எறிந்தாலும் ஓடிப்போய் எடுத்துவரும். வயிறு முட்டத் தின்ற பிறகும் நீட்டிய கையை மறுக்காது. முரட்டுச் சுபாவமுள்ள நாய் தன் அசௌகரியத்தை உறுமிக் காட்டிவிடும். லாப்ரடார் பொறுத்துக்கொள்ளும். அதன் நல்ல குணத்தை அதன் நலத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்வதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. இந்த இனத்தின் குணம் எங்கிருந்து வந்தது, அது நம்மிடம் எதை எதிர்பார்க்கிறது, நம் ஊர்த் தட்பவெப்பத்திலும் சமையலறையிலும் அதற்கு என்ன நேர்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் சித்திரம் முழுமையாகும்.

லாப்ரடார் என்ற பெயர் இருந்தாலும் அதன் மூதாதைகளின் ஊர் கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூஃபவுண்ட்லாந்து தீவு. அங்கே காட் மீன் பிடித்த மீனவர்கள் செயின்ட் ஜான்ஸ் நாய் என்ற நடுத்தர உயரமுள்ள கறுப்பு நாய்களைப் படகில் வைத்திருந்தார்கள். தூண்டிலிலிருந்து நழுவிய மீனைக் கவ்விவருவது, மிதக்கும் கயிற்றை இழுத்துவருவது என்று உறையும் நீரில் நாள் முழுக்க அவற்றுக்கு வேலை. நீண்ட முடி இருந்தால் அதில் பனிக்கட்டி தொங்கும் என்பதால் குட்டையான, அடர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள முடி கொண்ட நாய்களையே விரும்பினார்கள். நீர் ஒட்டாத இரட்டை அடுக்கு முடியும், நீந்தும்போது திசை திருப்ப உதவும் தடித்த வாலும், விரல்களுக்கிடையே தெரியும் சவ்வும் அந்த வேலை விட்டுச்சென்ற அடையாளங்கள்.

காட் மீன் ஏற்றிய கப்பல்களோடு இந்த நாய்கள் இங்கிலாந்தின் பூல் துறைமுகத்துக்கு வந்தன. மால்ம்ஸ்பரி பிரபு குடும்பத்தார் அவற்றை வாங்கி வாத்து வேட்டைக்குப் பழக்கினார்கள். 1880-களில் அவர்கள் ஸ்காட்லாந்தின் பக்ளூ கோமகனுக்குக் கொடுத்த நெட், ஏவான் என்ற இரு நாய்களிடமிருந்தே இன்றைய வம்சாவளி பெரிதும் கிளைத்தது. 1903-இல் பிரிட்டிஷ் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது. வரிகளாலும் சட்டங்களாலும் நாய்கள் அருகிப்போன நியூஃபவுண்ட்லாந்திலோ, மூல இனமான செயின்ட் ஜான்ஸ் நாய் இருபதாம் நூற்றாண்டில் அழிந்தே போனது.

வேட்டையில் அந்த நாய் செய்த வேலையைக் கூர்ந்து பார்த்தால் இன்று நாம் புகழும் குணங்கள் அனைத்தும் அங்கே இருப்பது தெரியும். துப்பாக்கி வெடிக்கும்போது அசையாமல் எசமானின் காலடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். பறவை எங்கே விழுந்தது என்று கண்ணால் குறித்துக்கொள்ள வேண்டும். சொன்ன பிறகே போக வேண்டும். பல்படாமல் மென்மையாகக் கவ்விக் கொண்டுவந்து, இன்னொருவர் கையில் மறுப்பில்லாமல் விட்டுவிட வேண்டும். பக்கத்தில் வேறு நாய்கள் இருந்தாலும் சண்டை கூடாது. முன்பின் தெரியாதவர்கள் சுற்றி நின்றாலும் குரைக்கக் கூடாது. பொறுமை, மனிதர் முகத்தைப் பார்த்துக் குறிப்பறிதல், கையிலுள்ளதை விட்டுக்கொடுத்தல் எல்லாம் அந்த வேலைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஆகவே காவலுக்கென்று லாப்ரடார் வாங்குபவர் ஏமாந்துதான் போவார். புதியவரைப் பார்த்துக் குரைக்கலாம். கதவைத் திறந்துவிட்டால் செருப்பைக் கவ்விக்கொண்டுபோய் வரவேற்கும்.

இனத்தை வைத்து ஒவ்வொரு நாயின் சுபாவத்தையும் உறுதியாகச் சொல்லிவிட முடியுமா? முடியாது. 2022-இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு ஒன்று 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையையும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டது. தனி நாய்களுக்கிடையே நடத்தையில் காணும் வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 சதவீதம் மட்டுமே என்று அது கண்டது. சொல்பேச்சு கேட்கும் இயல்பில் இனத்தின் சாயல் மற்றவற்றைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தது. ‘லாப்ரடார் கடிக்கவே கடிக்காது’ என்ற நம்பிக்கையில் தவழும் குழந்தையை அதன் சாப்பாட்டுத் தட்டருகே விடுவது பெரிய தவறு. தூங்கும் நாயின் மேல் ஏறுவதும், காதைப் பிடித்து இழுப்பதும் எந்த நாய்க்கும் எல்லை மீறல்தான். பல் தெரிவதற்கு முன்பே அது முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், எழுந்து நகரப் பார்க்கும். பெரியவர்கள் இந்த அறிகுறிகளைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பெரும்பாலான கடிகளைத் தவிர்க்கலாம்.

குட்டி வாங்குபவர்கள் எதிர்பார்க்காத இன்னொன்று அதன் வாய். கவ்வுவதற்கென்றே உருவான நாய் கண்டதையெல்லாம் கவ்வும். சோபா முனை, செல்போன் சார்ஜர், பள்ளிக் காலுறை எதுவும் தப்பாது. உடலால் ஒரு வயதில் வளர்ந்துவிட்டாலும் மனத்தால் இரண்டு, மூன்று வயதுவரை அது விடலைதான். சாது என்று கேள்விப்பட்டு வாங்கியவர்கள் எட்டாம் மாதத்தில் திகைத்துப்போய், மொட்டை மாடியில் கட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது. இந்த வயதில் அதற்குத் தேவை கடிக்கத் தகுந்த பொருள், தினமும் இரண்டு வேளை நடை, ஐந்து ஐந்து நிமிடங்களாகச் சின்னச் சின்னப் பயிற்சி. கவ்வியதைப் பிடுங்காமல், வேறொன்றைக் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பழக்கினால் நாளை ஆபத்தான பொருளையும் கையில் தந்துவிடும். அடித்துப் பழக்க வேண்டிய அவசியம் இந்த இனத்தில் அறவே இல்லை. தீனிக்காக எதையும் கற்றுக்கொள்ளும் நாயை அடிப்பது கொடுமை.

தனிமை இன்னொரு பெரிய விஷயம். எசமானின் காலடியில் உட்கார்ந்திருக்க உருவான நாயைப் பகல் முழுவதும் போர்ட்டிகோவில் செயினில் கட்டிவைத்தால் அது குரைக்கும், தோண்டும், தன் காலையே நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் காலையில் கிளம்பி இரவில் திரும்புவதாக இருந்தால், பெரிய தோட்டம் இருந்தும் அந்த வீடு லாப்ரடாருக்கு ஏற்றதன்று. ஆள் இருக்கும் சிறிய அடுக்ககமே மேல்.

இனி அதன் பசி. இந்த இனத்தைப் பற்றிய அறிவியலில் மிகவும் தெளிவாகத் துலங்கியிருக்கும் பகுதி இது. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலெனர் ராஃபன் குழு, லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு போம்க் எனப்படும் மரபணுவில் ஒரு சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டறிந்தது. சாப்பிட்டது போதும் என்று மூளைக்குத் தெரிவிக்கும் செய்தியில் இது கோளாறு உண்டாக்குகிறது. குறைபாடுள்ள பிரதி ஒவ்வொன்றுக்கும் சராசரியாக இரண்டு கிலோ எடை கூடுகிறது. உதவி நாய்களாகத் தேர்வானவற்றில் இந்த மாற்றம் முக்கால் பங்குக்கும் மேலானவற்றில் இருந்தது என்பது இதைவிட வியப்பு. தீனிக்கு ஆசைப்படும் நாய் எளிதில் பழகும், பழகியதால் தேர்வாகும். நாம் மெச்சும் கீழ்ப்படிதலும் நாம் அஞ்ச வேண்டிய உடல் பருமனும் ஒரே வேரில் பிறக்கின்றன.

அதே குழு 2024-இல் மேலும் ஒரு படி போனது. காலை உணவு கொடுத்து மூன்று மணி நேரம் கழித்து, துளையிட்ட கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு சாசேஜை வைத்து நாயின் முன் வைத்தார்கள். பார்க்கலாம், மோந்து பார்க்கலாம், எடுக்க முடியாது. மரபணு மாற்றமுள்ள நாய்கள் அதை எடுக்க மற்றவற்றைவிட விடாப்பிடியாக முயன்றன. வயிறு நிறையும் வரை உணவு வைத்துப் பார்த்தபோது அவை மற்றவற்றைவிட அதிகம் தின்றுவிடவில்லை. வேளைக்கும் வேளைக்கும் இடையே பசிதான் விரைவாக வந்தது. கூடவே, ஓய்வாக இருக்கும்போது அவற்றின் உடல் செலவிடும் சக்தியும் 25 சதவீத அளவுக்குக் குறைவு. அந்த நாய்க்குப் பசி கூடுதல், செலவோ குறைவு. ‘பேராசை பிடித்த நாய்’ என்று அதைத் திட்டுவதில் நியாயமே இல்லை.

அதன் பசியைக் காட்டும் அந்தக் கண்களுக்கு இரங்கி நாம் கொடுப்பது அதன் ஆயுளிலிருந்து கழிகிறது. 2002-இல் வெளியான நீண்ட கால ஆய்வு ஒன்றில் 48 லாப்ரடார்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்கு அதன் ஜோடி தின்றதைவிட 25 சதவீதம் குறைவாகவே வாழ்நாள் முழுதும் உணவு கொடுத்தார்கள். குறைவாக உண்டவற்றின் நடு ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2. மூட்டுத் தேய்மானமும் ஒல்லியான நாய்களுக்குப் பிந்தியே வந்தது. எந்த மருந்தாலும் ஒரு நாய்க்கு இவ்வளவு ஆயுளைக் கூட்ட முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

எடைக்கருவி இல்லாமலே வீட்டில் சோதிக்கலாம். நாய் நிற்கும்போது விலாவின் மேல் விரல்களை அழுத்தாமல் ஓட்டுங்கள். உங்கள் புறங்கையைத் தடவினால் எலும்பு தட்டுப்படுமே, அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடல்வாகு. உள்ளங்கையைப் போல மெத்தென்றிருந்தால் எடை கூடிவிட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். வளர்ந்த ஆண் 29 முதல் 36 கிலோவும், பெண் 25 முதல் 32 கிலோவும் இருப்பது பொது அளவு. நம் ஊர்க் கிளினிக்குகளில் நாற்பதைத் தாண்டிய லாப்ரடாரைப் பார்த்து ‘நல்லா புஷ்டியா இருக்கு’ என்று பாராட்டுபவர்களைக் காணலாம். அந்தப் பாராட்டு நிற்க வேண்டும்.

நம் சமையலறையில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. சோறு நாய்க்கு ஆகாது என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். மனிதரோடு வாழ்ந்ததில் மாவுச்சத்தைச் செரிக்கும் திறனை நாய்கள் பெற்றுவிட்டன என்பதை 2013-இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் மரபணு வழியே காட்டினார்கள். சோற்றைவிட அளவும் புரதக் குறைவுமே பிரச்சினை. வெறும் பால் சோறும் தயிர்ச்சோறும் ஒரு பெரிய நாய்க்குப் போதவே போதாது. முட்டையோ இறைச்சியோ மீனோ கட்டாயம் வேண்டும். காலைக் காப்பியோடு தாத்தா போடும் நான்கு பிஸ்கட், மாலையில் பாட்டி தரும் தோசை, பிள்ளைகள் மேசைக்கடியில் நீட்டுவது ஆகியவை எந்தக் கணக்கிலும் வராமல் உள்ளே போகின்றன. காலையிலேயே ஒரு நாள் தீனியை அளந்து ஒரு டப்பாவில் வைத்துவிட்டு, யார் எதைக் கொடுத்தாலும் அதிலிருந்தே கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் சண்டை இல்லாமல் அளவு நிற்கும்.

வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே சாம்பார், குருமா, பிரியாணி மசாலா எதையும் ஊற்றக் கூடாது. திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் பாயசம் கொடுக்கக் கூடாது. சாக்லேட்டும், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் சேர்க்கும் சைலிட்டாலும் உயிருக்கே ஆபத்து. கோடைக் காலத்தில் மாங்கொட்டை. சப்பிப் போட்ட கொட்டையை லாப்ரடார் மெல்லாமல் விழுங்கிவிடும். அது குடலில் போய் அடைத்துக்கொண்டால் வாந்தி நிற்காது. வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டிவரும். மாம்பழம் வெட்டும் வீட்டில் குப்பைக்கூடைக்கு மூடி அவசியம்.

குட்டிகளுக்கு எலும்பு வலுவாக வேண்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றும் வழக்கம் பரவலாக இருக்கிறது. பெரிய இனக் குட்டிகளின் உடல் கூடுதலாக வரும் கால்சியத்தைத் தள்ளிவிட முடியாமல் உறிஞ்சிக்கொள்கிறது. எலும்பும் மூட்டும் கோணலாக வளர அதுவே காரணமாகலாம். சமச்சீரான குட்டி உணவு உண்ணும் நாய்க்கு, மருத்துவர் சொல்லாமல் தனியாகக் கால்சியம் கொடுக்கக் கூடாது.

மூட்டுகள் இந்த இனத்தின் பலவீனமான இடம். இடுப்பு மூட்டும் முழங்கை மூட்டும் சரியாகப் பொருந்தாமல் வளர்வது பரம்பரைக் குறை. தாய் தந்தை இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயையும் காட்டும் ப்ரீடரிடம் மட்டுமே குட்டி வாங்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான். வளர்ப்பும் இதில் பங்கு வகிக்கிறது. நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட நான்கு பெரிய இனங்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறிய குட்டிகளுக்கு இடுப்புக் குறை வரும் வாய்ப்பு கூடியிருந்தது. மென்மையான தரையில் கட்டில்லாமல் ஓடியாடியவற்றுக்குக் குறைந்திருந்தது. நம் வீடுகளில் வழவழப்பான டைல்ஸ் தரை. குட்டி ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டும் விலகிச் சறுக்குவதைப் பார்த்துச் சிரிக்கிறோம். அது நடமாடும் இடத்தில் ரப்பர் விரிப்போ பழைய சாக்கோ போட்டுவைப்பது நல்லது. கருத்தடை அறுவையை ஆறு மாதத்துக்கு முன் செய்த லாப்ரடார்களில் மூட்டுக் கோளாறு ஏறத்தாழ இரு மடங்கானதைக் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. செய்யாமலே விட்டால் பெண் நாய்க்குக் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து இருக்கிறது. எந்த மாதத்தில் செய்வது என்பதை மருத்துவரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி அழுத்தமாகவே சொல்ல வேண்டும். பனிக்கடலுக்கென்று அமைந்த முடியோடு சென்னையின் மே மாதத்தில் வாழ்கிறது இந்த நாய். தமிழ்நாடு அரசு 2024-இல் வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாதவை என்று பட்டியலிட்ட இனங்களில் லாப்ரடாரின் உறவான நியூஃபவுண்ட்லாந்து உண்டு, லாப்ரடார் இல்லை. அதனாலேயே அதற்கு வெயில் தாங்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. நாய்க்கு உடல் முழுக்க வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டை வெளியேற்றுகிறது. காற்றில் ஈரம் மிகுந்த கடற்கரை ஊர்களில் அந்த வழியும் பாதி அடைபடும். பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்தபோது வெப்பத் தாக்குதலில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஓட்டத்தாலும் விளையாட்டாலுமே நேர்ந்திருந்தது. குளிர்நாட்டிலேயே இப்படி. பந்து எறிவதை நிறுத்த வேண்டியவர் நாம். லாப்ரடார் தானாக நிறுத்தாது.

கோடையில் நடை காலை ஆறரைக்குள் முடிய வேண்டும். மாலையில் தார்ச்சாலை ஆறிய பிறகே தொடங்க வேண்டும். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அந்தச் சூடு அதன் பாதத்துக்கும் தாங்காது. மூச்சிரைப்பு நிற்காமல், நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூல்போல ஒழுகி, கால் தள்ளாடினால் அது வெப்பத் தாக்குதல். உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் குழாய்த் தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி, மின்விசிறியைச் சுழலவிட்டு, ஓரளவு குளிர்ந்த பின் மருத்துவரிடம் எடுத்துப்போக வேண்டும். ஈரத் துணியால் போர்த்துவது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். முடியை மழிக்கவும் கூடாது. மேல்முடி வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. வாரம் இரண்டு மூன்று முறை சீவி உதிர்ந்த உள்முடியை எடுத்துவிட்டாலே காற்றோட்டம் கிடைக்கும்.

வெப்பத்தோடு சேர்ந்து வருவது உண்ணி. எர்லிக்கியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகளை உண்ணிகள் பரப்புகின்றன. இரண்டும் நம் ஊரில் ஆண்டு முழுக்க உண்டு. காய்ச்சல், வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம், கருத்த சிறுநீர் ஆகியவை அறிகுறிகள். லாப்ரடார் ஒரு வேளைச் சாப்பாட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தால் மறுநாள்வரை காத்திருக்க வேண்டாம். அன்றே ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. தொங்கும் காதுகளுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் குளித்த பின் காதைத் துடைத்து உலர்த்த வேண்டும். பழுப்பு நிற லாப்ரடாருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. 2018-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் அவற்றுக்குக் காது அழற்சியும் தோல் நோயும் மற்ற நிறங்களைவிட அதிகம். நடு ஆயுளும் 10.7 ஆண்டுகள்தான், மற்றவற்றுக்கு 12.1. அரிய நிறம் என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தடுப்பூசி அட்டவணையை மருத்துவர் தருவார். பார்வோவும் ரேபிஸும் விட்டுப்போகவே கூடாதவை.

எட்டு வாரம் முடியாத குட்டியை விற்பது 2017 மத்திய விதிகளின்படி குற்றம். விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். எட்டு வார வரம்புக்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருக்கும் வாரங்களில்தான் கடியை அளவோடு நிறுத்தக் குட்டி கற்கிறது. தாயைக் காட்ட மறுப்பவரிடம், சாலையோரக் கூண்டில், ஆன்லைன் படத்தைப் பார்த்து வாங்குவதால் அடுத்த ஈற்றுக்கு வழி செய்கிறோம்.

குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வாடகை வீட்டில் மறுத்தார்கள், வெளிநாடு போகிறோம், பெருத்துப்போய் நடக்க முடியவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லிக் கைவிடப்பட்ட லாப்ரடார்கள் நம் நகரங்களின் காப்பகங்களில் இருக்கின்றன. குட்டி போட்டுப் போட்டு ஓய்ந்து தெருவில் விடப்பட்ட தாய்களும் உண்டு. ஐந்து, ஆறு வயது நாயிடம் விடலைப் பருவத்தின் கவ்வலும் குதிப்பும் அடங்கியிருக்கும். புது வீட்டாரோடு ஒட்டிக்கொள்ள வயது இந்த இனத்துக்குத் தடையாவதில்லை. எடுத்து வந்ததும் ரத்தப் பரிசோதனையும் இடுப்பு எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் ஆறு மாதத்தில் மெல்லக் குறைக்கலாம். படுத்து எழும்போது தயங்கினால் வலி இருக்கிறது என்று பொருள். வீட்டிலிருக்கும் புரூஃபன் மாத்திரையைக் கொடுத்துவிடாமல் மருத்துவரிடம் கேட்டு, நாய்களுக்கென்றே உள்ள வலி மருந்தைத் தொடங்குங்கள்.